‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறோம்?

(சமூகப்பணித் துறை மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அன்றாடச் சமூகப்பணியில் விழுமியங்களும் தீவிர அணுகுமுறைகளும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். விழுமியங்களைப் பற்றிப் பேசப் பட்டமளிப்பு விழாக்கள் இருக்கின்றன. தீவிரமாகப் பேசப் பொதுக்கூட்ட மேடைகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறீர்களே, அப்போது இந்த இரண்டும் எங்கே போய்விடுகின்றன? இன்று அதை மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஓர் அமெரிக்க வழக்கு. கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லாந்து நகரம் இருக்கும் மாவட்டத்தின் பெயர் அலமேடா. 1963 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. ஊர் இன்னும் எழுந்திருக்காத நேரம். அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களின் வீடுகளுக்கு மாவட்ட நலத்துறைப் பணியாளர்களை இருவர் இருவராக அனுப்பினார்கள். ஒருவர் முன்வாசலைத் தட்டுவார், மற்றவர் கொல்லைப்புறக் கதவில் காத்திருப்பார். முன்னால் போனவர் உள்ளே நுழைந்ததும் நேரே நடந்து கொல்லைக் கதவைத் திறந்துவிட வேண்டும். பிறகு இருவருமாகப் படுக்கை, அலமாரி, குளியலறை என்று தேடுவார்கள். தேடியது ஆண்பிள்ளையை. வீட்டில் ஓர் ஆண் இருக்கிறான் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணின் உதவித்தொகையில் கைவைக்கலாம் அல்லவா? பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர்மீது எந்தச் சந்தேகமும் கிடையாது. இந்த நடவடிக்கைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ‘படுக்கைச் சோதனை’.

பென்னி பாரிஷ் என்ற சமூகப்பணியாளர் அந்த அலுவலகத்தில் இருந்தார். பார்வையற்றவர். இந்த வேலைக்கு நான் வரமாட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். கீழ்ப்படியாமை என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். பணியாளர் ஆணையத்திடம் முறையிட்டும் பயன் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 மார்ச்சில், கலிபோர்னியா உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டோப்ரினர். கதவைத் திறந்துவிட்ட தாய் மனமொப்பித் திறந்தாள் என்று கொள்ள முடியாது. திறக்காவிட்டால் நாளைக்குச் சோறு நின்றுபோகும் என்று அஞ்சுகிறவள் தரும் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதம் ஆகாது. உதவி வாங்குகிறாய் என்பதற்காக உன் உரிமையை விட்டுக்கொடு என்று அரசு நிபந்தனை போடவும் முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான். பாரிஷுக்கு வேலையும் நிலுவைச் சம்பளமும் கிடைத்தன.

இந்த வழக்கை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் பாரிஷைப் பற்றியே கேட்பார்கள். என் கவனம் போவது மற்றவர்கள் மேல். அன்று காலை அலாரம் வைத்து எழுந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர்கள். அவர்களும் சமூகப்பணியாளர்கள்தான். சேவை மனப்பான்மை என்ற ஒன்று அவர்களுக்கும் இருந்திருக்கும். பலர் மென்மையாகவே கதவைத் தட்டியிருப்பார்கள். குழந்தைகளைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நம் பாடப்புத்தகங்கள் பணியாளருக்குச் சொல்லும் குணங்கள், அதாவது பரிவு, பொறுமை, குறைகூறாத மனம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்துவிட முடியும். விழுமியத்தைப் பணியாளரின் சுபாவமாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்த இடத்தில் அது கைகொடுக்காது. செய்யச் சொன்ன வேலையே தவறாக இருக்கும்போது அதை நயமாகச் செய்வது யாருக்கு உதவி?

நம் ஊரில் விடியற்காலைப் படுக்கைச் சோதனை கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். பகலில் போகிறோம், ஒரே வாசல் வழியாகப் போகிறோம். ஆனால் வீட்டு விசாரணைக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் ‘உள்ளே வரலாமா’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்? அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும் அந்த அம்மாள் பாயை உதறி விரிக்கிறாள், பையனைக் கடைக்கு அனுப்பிக் கலர் வாங்கிவரச் சொல்கிறாள். நாம் கண்ணை ஓடவிடுகிறோம். டி.வி. இருக்கிறது. மிக்சி இருக்கிறது. மின்விசிறி ஓடுகிறது. அறிக்கையில் ‘வீட்டில் தொலைக்காட்சி முதலிய வசதிகள் உள்ளன’ என்று ஒரு வரி விழுகிறது. அந்த வரியின் பொருள், இவர்கள் அவ்வளவு ஏழைகள் அல்ல என்பதே. 2006இல் வந்த அரசு வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அரசு கொடுத்த பொருளைக் காட்டி, அரசு உதவிக்கு இவர் தகுதியில்லை என்று எழுதும் வித்தை நம்மிடம் மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று, மேல்நாட்டு நெறிமுறை ஏடுகள் எதிலும் இருக்காது. காலனிக்குப் போகிறீர்கள். சொம்பில் தண்ணீர் தருகிறார்கள். ‘இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன் அக்கா’ என்று ஒரு மாணவர் சொல்கிறார். வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தவர் அவர். அந்த அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் நாற்பது கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்வார், ஆனால் ஒன்றையும் சொல்லமாட்டார். தனிமனித மதிப்பு என்ற தலைப்பில் நீங்கள் தேர்வில் எத்தனை பக்கம் எழுதினாலும், நம் மண்ணில் அதற்கான முதல் தேர்வு அந்தச் சொம்புதான். நெறிமுறைகளை மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதோடு நாம் நின்றுவிட்டால் இந்தத் தேர்வு பாடத்திட்டத்துக்கு வெளியிலேயே இருந்துவிடும்.

கொஞ்சம் வரலாறு. நம் தொழிலின் முன்னோர்களில் ஒரு கிளை 1869இல் லண்டனில் தொடங்கிய தர்ம ஒழுங்கமைப்புச் சங்கம். உதவிக்குத் தகுந்த ஏழை யார், தகாத ஏழை யார் என்று விசாரித்துப் பிரிப்பது அதன் வேலை. வீட்டு விசாரணை, விசாரணை அறிக்கை, தனியாள் கோப்பு எல்லாம் அந்தக் கிளையில் தழைத்தவை. 1917இல் மேரி ரிச்மண்ட் ‘சமூக நோயறிதல்’ என்ற பெரிய நூலில் அந்த முறைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். அவரை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்கும் முன் சாட்சியங்களைப் பொறுமையாகச் சேர்க்க வேண்டும் என்று நம் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். சிக்கல் எங்கே என்றால், நோய் இருப்பது எப்போதும் கோப்புக்குரிய குடும்பத்தில்தான் என்று நாம் பழகிவிட்டோம்.

இன்னொரு கிளை சிகாகோவில். 1889இல் ஜேன் ஆடம்ஸ் தன் தோழியோடு குடியேறியவர்களின் சேரிப் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கி அங்கேயே வாழப் போனார். அந்த வட்டாரத்தில் பச்சைக் குழந்தைகள் அதிகம் செத்தன. தாய்மார்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஹல் ஹவுஸ் பெண்கள் வேறு ஒன்று செய்தார்கள். சந்து சந்தாக நடந்து, குப்பை அள்ளாத இடங்களைக் குறித்தார்கள். ஒரு கோடையின் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதங்களில் சுகாதாரத் துறைக்கு அவர்கள் ஆதாரத்தோடு அனுப்பிய புகார்கள் 1,037. குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே ஆடம்ஸ் விண்ணப்பித்தார், அது தள்ளுபடியானது. ஆனால் 1895இல் மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போவார். ஒரு குறுகலான தெருவில் ஒன்றரை அடி ஆழத்தில் கல் பாவிய தளம் ஒன்று புதைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு தளம் போட்டதற்கு நகராட்சிப் பதிவேட்டில் கணக்கும் இருந்தது.

தீவிரம் என்றதும் நீங்கள் உண்ணாவிரதத்தையும் மறியலையும் நினைப்பீர்கள். எனக்கு அந்த 1,037 புகார்கள்தான் நினைவுக்கு வருகின்றன. குழந்தை சாகிறது என்பதைத் தாயின் கோப்பிலிருந்து எடுத்து நகராட்சியின் கோப்பில் வைத்தார்கள். காரணத்தை இடம் மாற்றினார்கள். அதற்கு முழக்கம் தேவைப்படவில்லை, நடக்கக் கால்களும் எழுதக் கையும் தேவைப்பட்டன.

1970களில் இங்கிலாந்தில் இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. அரசு நலத்துறைகளில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் ‘கேஸ் கான்’ என்று ஓர் இதழ் நடத்தினார்கள். 1970இலிருந்து 1977 வரை வந்தது. 1975இல் ராய் பெய்லியும் மைக் பிரேக்கும் தொகுத்த ‘ராடிகல் சோஷியல் ஒர்க்’ நூல் வந்தது. வீடில்லாத குடும்பத்துக்கு வீடு தராமல் அவர்களின் உறவுச் சிக்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது மோசடி என்று இவர்கள் வாதிட்டார்கள். 1979இல் அரசு ஊழியர்கள் சிலர் கூடி எழுதிய ஒரு சிறு நூலின் தலைப்பு ‘அரசுக்குள்ளும் அரசுக்கு எதிராகவும்’. சம்பளம் தருகிற நிறுவனத்துக்குள் இருந்தபடியே அதன் போக்கை எதிர்ப்பது எப்படி என்று அதில் யோசித்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் பாதி இன்று படிக்கச் சலிப்பூட்டும். எல்லாப் பக்கத்திலும் முதலாளித்துவம் வரும், எந்தப் பக்கத்திலும் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று வராது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இனி நம் திங்கட்கிழமைக்கு வருவோம்.

திருப்பூரில் ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது நான் கட்டிய உதாரணம். ஆனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும், போன வாரம்கூட வந்தது என்பார்கள். கணவர் இறந்துவிட்டார். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. பனியன் கம்பெனியில் வேலை. ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. பெண்பிள்ளை தனியாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களை நம்ப முடியவில்லை, இல்லத்தில் விட்டால் மூன்று வேளை சாப்பிட்டுப் படிக்கும் என்கிறார். குழு உங்களைச் சமூக விசாரணை செய்யச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அதற்குப் பதினைந்து நாள்.

நீங்கள் போகிறீர்கள். வரிசை வீட்டில் ஓர் அறை. வழக்கமாக வரும் அறிக்கை இப்படி இருக்கும்: ‘தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தைகளைச் சரிவரக் கவனிப்பதில்லை. இரவு தாமதமாக வீடு திரும்புகிறார். குழந்தைகள் பாதுகாப்பற்ற சூழலில் உள்ளனர். இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. நல்லெண்ணமும் இருக்கிறது. அந்தப் பெண்ணே கேட்டதைத்தானே பரிந்துரைக்கிறோம்? ஆனால் ‘கவனிப்பதில்லை’ என்ற அந்த வினையின் எழுவாய் யார் என்று பாருங்கள். தாய். நாளைக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் அடுத்த அதிகாரி, அதற்கடுத்தவர், பத்து வருடம் கழித்து ஒருவேளை அந்தப் பெண்பிள்ளையே எடுத்துப் படித்தாலும், தெரியவருவது தன் தாய் கவனிக்காதவள் என்பதுதான். இதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களில், வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது.

மணிக்கணக்கு எழுதுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன். பள்ளி விட்டு மகள் வீட்டுக்கு வருவது நாலேகால் மணி. தாய் வேலையை விட்டு வெளியே வருவது எட்டரை. இடையில் நாலேகால் மணி நேரம். இந்தக் குடும்பத்தின் பிரச்சினை இந்த நாலேகால் மணி நேரம்தான். இப்போது ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுத நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்கும் வேலை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது; இவருக்கு அது கிடைத்ததா என்று கேட்டீர்களா? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. நாலு வயது மகன் அங்கே இருக்க வேண்டியவன். கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா, இருந்தால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? இவற்றை எழுதினால் அறிக்கையின் எழுவாய் மாறும். ‘தாய் கவனிப்பதில்லை’ என்பது போய், ‘தாய்க்கு மாலையில் நாலேகால் மணி நேரம் பிள்ளைகளோடு இருக்க வழியில்லை, அதற்கான காரணங்கள் பின்வருமாறு’ என்று வரும்.

எழுவாய் மாறியதும் பரிந்துரை மாறுகிறது. பிள்ளைகளைத் தாயிடமே வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் தரும் ஆதரவுத் திட்டம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த தாயின் பிள்ளைகள் அதற்கு உரியவர்கள்.

இங்கேதான் ஒரு முடிச்சு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. நகரக் கணக்கை மாதத்துக்கு வகுத்தால் 8,000. தினம் 320 ரூபாய் கூலியில் மாதம் 26 நாள் வேலை செய்தாலே 8,320 வந்துவிடுகிறது. அதாவது, பிள்ளைகளோடு இருக்க நேரம் இல்லாத அளவுக்கு உழைக்கிறாள் என்பதே அவளைத் தகுதி இழக்கச் செய்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவி வேண்டுமென்றால் வேலையைக் குறைக்க வேண்டும். வேலையைக் குறைத்தால் வாடகை கட்ட முடியாது. வீட்டு வாடகையும் ஷிஃப்ட் நேரமும் தெரியாத ஒருவர்தான் இந்த வரம்பை எழுதியிருக்க முடியும். இதைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர் யார்? அமைச்சரா, ஆய்வாளரா? வரிசை வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நீங்கள்தான்.

இதே சட்டத்தின் விதிகளில் சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்கான விசாரணை அறிக்கைப் படிவம் ஒன்று இருக்கிறது. குடும்பத்தின் ஒழுக்க நெறி, மதத்தின்பால் அவர்களின் மனப்பான்மை என்றெல்லாம் அதில் கட்டங்கள் உண்டு. முதலாளியின் ஒழுக்க நெறிக்குக் கட்டம் இல்லை. பள்ளியிலிருந்து பையனை ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பள்ளியின் ஒழுக்கமாக யாரும் கேட்பதில்லை. படிவம் நம்மைக் கேட்காமலேயே நம் பார்வையைத் திருப்பிவிடுகிறது. கட்டத்தை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் ‘இதர காரணிகள்’ என்று ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அங்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோடு போடாதீர்கள். தனித் தாள் இணையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெண்ணுக்கு இந்த வாதமெல்லாம் வேண்டாம். அவளுக்கு இன்று மாலை மகளை எங்கே விடுவது என்று தெரியவேண்டும். வருமான வரம்பை எதிர்த்து நாம் நடத்தும் சண்டைக்கு அவள் குடும்பத்தைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு, ஆறு மாதம் உதவி இல்லாமல் காத்திருக்க வைப்பது தீவிரமல்ல, தன்னலம். முதலில் மாலை நேரப் பாடசாலையோ, நம்பகமான அண்டைவீடோ, அவளே வேண்டுமென்றால் இல்லமோகூட ஏற்பாடு செய்யுங்கள். அவளுக்காக நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் விடுதலை அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். சண்டையின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்காத தீவிரத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட பிறகு, அவரும் கணவரும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற பெண்களின் பெயரில் பதியவைத்தார். போராட்டக்காரர் என்று நாம் கொண்டாடும் ஒருவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வங்கி மேலாளர்களிடமும் பத்திரப்பதிவு அலுவலகங்களிலும் கழித்தார். அந்தப் பெண்களுக்கு முழக்கத்தைவிடப் பட்டா முக்கியம் என்பது, தானும் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பட்டா என்றதும் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று ஆறு சமூகங்களை அரசு வகைப்படுத்தியிருக்கிறது. இருளர் அதில் ஒன்று. பழங்குடிச் சாதிச் சான்றிதழை முன்பு வட்டாட்சியர் கொடுத்தார். 1989 நவம்பர் 11 முதல் கோட்டாட்சியர்தான் கொடுக்க முடியும். போலிகளைத் தடுப்பது நோக்கம். நடைமுறையில் என்ன ஆகிறது? அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. அவருக்கு எதற்குச் சான்றிதழ் இருக்கப்போகிறது? அப்பாவிடம் இல்லாததால் பிள்ளைக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லாததால் நாளைக்குப் பேரனுக்கும் இல்லை. பாம்பு பிடிப்பாயா, எலி பிடிப்பாயா என்று கேட்டுச் சாதியை உறுதிசெய்யப் பார்க்கும் விசாரணைகளும் நடந்திருக்கின்றன. படிக்கப் போகும் பிள்ளை பாம்பு பிடிக்கத் தெரியாததால் பழங்குடி இல்லை என்று ஆகிவிடும். இத்தனைக்கும் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பல பகுதிகளுக்கும் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஓர் இருளர் குடியிருப்பில் களப்பணிக்குப் போகும் மாணவர் வழக்கமாக எழுதுவது, ‘கல்வியின் முக்கியத்துவம் குறித்து விழிப்புணர்வு இல்லை’. விழிப்புணர்வு முகாம் நடத்தி, படம் எடுத்து, அறிக்கையில் ஒட்டிவிடுவார். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றதற்கு விழிப்புணர்வா காரணம்? பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் சான்றிதழ் கேட்டார்கள், இல்லை, நின்றான். விழிப்புணர்வு என்ற சொல் நம் துறையில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது என்பது என் கருத்து. எந்தக் குறைக்கும் மக்களின் தலைக்குள்தான் காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள அது வசதியாக இருக்கிறது. முகாமுக்குப் பதிலாக, அந்தக் குடியிருப்பில் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தவர்கள் யார், எந்தத் தேதியில், இன்று அந்த மனு எந்த மேசையில் என்று ஒரு நோட்டுப் போடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். மாணவரின் பருவம் முடிந்தாலும் நோட்டை அடுத்த மாணவர் தொடரலாம். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் இருளர் மக்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் செய்துவந்த பணியில் இந்த மாதிரியான மனு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, நான் தவிர்க்க விரும்பாத ஒரு விஷயம். இவ்வளவும் சொல்லிவிட்டு, போய்த் தைரியமாக எழுதுங்கள் என்று உங்களை அனுப்பிவைத்தால் நான் பொறுப்பில்லாதவன். பாரிஷ் அரசுப் பணியாளர். வேலைநீக்கத்தை எதிர்த்து முறையிட அவருக்கு ஓர் ஆணையம் இருந்தது, பிறகு நீதிமன்றம் இருந்தது. அப்படியும் நான்கு ஆண்டுகள் ஆயின. உங்களில் பலர் நாளை சேரப்போவது ஒப்பந்த வேலையில். தொகுப்பூதியம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்கு ஒருமுறை என்று புதுப்பிப்பார்கள். உங்களை நீக்க வேண்டியதில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால், நிதி தருபவருக்குப் போகும் அறிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் போதும். இந்த நிலையில் தனி ஒருவர் அறிக்கையில் உண்மையை எழுதுவது வீரம். ஆனால் வீரர்களை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது.

ஆகவே சமூகப்பணியாளர்களின் வேலைநிலைமையும் இந்தத் தலைப்பின் ஒரு பகுதிதான். செவிலியர்கள் சங்கமாகக் கூடுகிறார்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூடுகிறார்கள். மற்றவர்களுக்கு அமைப்பாகத் திரளச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் பட்டம் வாங்கிய நாம், நமக்கென்று வரும்போது வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடுகிறோம். ஒரே அறிக்கையை ஒருவர் எழுதினால் அது கீழ்ப்படியாமை. மாவட்டத்தில் உள்ள பன்னிரண்டு பேரும் அதே விதமாக எழுதினால் அது நடைமுறை ஆகிவிடும்.

துறைக்கு ஒரு கோரிக்கை வைத்து முடித்துக்கொள்கிறேன். களப்பணி நாட்குறிப்பில் இப்போது சந்தித்தவர்கள், செய்த பணி, கற்றுக்கொண்டது என்று பக்கங்கள் இருக்கின்றன. இன்னும் ஒரு பக்கம் சேருங்கள்: உதவி கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள். பெயர் வேண்டாம். என்ன கேட்டார்கள், எந்த அலுவலகத்தில், எந்த விதியைச் சொல்லி மறுத்தார்கள், மறுத்த தேதி, இவ்வளவு போதும். அறுபது மாணவர்கள் வாரம் இரண்டு நாள் களத்துக்குப் போகிறார்கள். ஒரு பருவத்தில் என்ன சேரும் என்று நீங்களே பாருங்கள். பருவ முடிவில் அதைத் தொகுத்து, வருமான வரம்பு, சான்றிதழ், வாடகை ரசீது என்று வகைபிரித்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மாணவர்களே கொடுக்கட்டும். ஒரு நகல் நூலகத்தில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு வருகிறவர்கள் எந்த மனு நகர்ந்தது என்று பார்க்க வேண்டுமே. துறைத் தலைவர் ஒப்புக்கொண்டால் டிசம்பர்ப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். படிவத்தை வரைந்து தர நான் வருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.